குழந்தையின் உயிர்காக்கும் பயிற்சி: சீனியர் தரும் சலுகையா, மாணவரின் உரிமையா?

(மருத்துவ மாணவர்களும் சமூகவியல் மாணவர்களும் கலந்துகொண்ட வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் மருத்துவர் இல்லை. மருத்துவக் கல்வியைச் சமூகவியல் நோக்கில் ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர். மூச்சுத் திணறும் குழந்தைக்கு என்ன மருந்து கொடுப்பது என்று இங்கு வந்திருக்கும் மருத்துவத் தோழர்களுக்கு நான் சொல்லித் தர முடியாது. அந்த மருந்தைக் கொடுக்கும் கை எப்படிப் பழக்கப்படுகிறது, யாருடைய கை பழக்கப்படுகிறது, யாருடைய கை ஒதுக்கி நிறுத்தப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்கு இரவு இரண்டு மணிக்கு, வலிப்போடும் மூச்சுத் திணறலோடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதலில் ஓடி வருபவர் பேராசிரியராக இருப்பது அரிது. பெரும்பாலும் எம்.டி. குழந்தை மருத்துவம் படிக்கும் ஒரு பி.ஜி. மாணவர்தான் வருகிறார். சேர்ந்து சில மாதங்களே ஆன முதலாண்டு மாணவராகக்கூட இருக்கலாம். அடுத்த பத்து நிமிடங்களில் அவர் என்ன செய்கிறார், எதைச் செய்யத் தவறுகிறார் என்பதில்தான் அந்தக் குழந்தையின் உயிர் இருக்கிறது.

அந்தக் குழந்தை யாருடைய குழந்தை? தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நாள் வாடகை கட்ட முடியாதவர்களின் குழந்தை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. அதன்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் பட்டியல் சாதியினரிடையேயும் பழங்குடியினரிடையேயும் ஏறத்தாழ 41 பேர். இட ஒதுக்கீட்டுப் பட்டியல்களில் வராத ‘மற்றவர்கள்’ பிரிவில் 28 பேர். இந்த இடைவெளிக்கு வறுமை, ஊட்டச்சத்துக் குறைவு, தாயின் உடல்நிலை, மருத்துவமனைக்கான தூரம் என்று பல காரணங்கள் உண்டு. அத்தனையையும் தாண்டி உயிரோடு வாசல்வரை வந்துவிட்ட குழந்தையை, பயிற்சி இல்லாத கைகளிடம் நாம் இழக்கக் கூடாது. ஆகவே பி.ஜி. மாணவருக்குத் தரப்படும் தீவிர சிகிச்சைப் பயிற்சி கல்லூரியின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. அது சமூகநீதிக் கேள்வி.

முதலில் இந்தத் திறன் என்ன வகையானது என்று பார்ப்போம். பெரியவர்களுக்கு இதயம் திடீரென்று நின்றுபோவது உண்டு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் மூச்சு சிரமப்படும், அல்லது வயிற்றுப்போக்கிலோ டெங்குவிலோ கிருமித்தொற்றிலோ ரத்த ஓட்டம் தளரும். குழந்தையின் உடல் நெடுநேரம் ஈடுகொடுக்கும். ரத்த அழுத்தம் குறைவது கடைசிக் கட்டத்தில்தான். அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்தால் குழந்தை கைவிட்டுப் போய்விடும். மூச்சின் வேகம், விலா ஒடுங்குவது, கை கால் சில்லிட்டிருப்பது, விரல் நுனியை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது, குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறதா என்பவையெல்லாம் முன்கூட்டியே வரும் எச்சரிக்கைகள். இவற்றைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். பழகிய கண் வேண்டும்.

அதோடு, குழந்தைக்கு எல்லாமே எடைக் கணக்கு. மருந்தின் அளவு, மூச்சுக்குழாயின் அளவு, ஏற்ற வேண்டிய திரவத்தின் அளவு எல்லாம் குழந்தைக்குக் குழந்தை மாறும். பதற்றத்தில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். இவற்றில் எதுவுமே பிறவி மேதைமையால் வருவதில்லை. திரும்பத் திரும்பச் செய்து கைக்குக் கொண்டுவர வேண்டிய தொழில் இது. ‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் ஓயாமல் பேசுகிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

பிகாரின் முசாபர்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 கோடையில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மூளைக்காய்ச்சல் என்று சொல்லப்பட்ட நோயில் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைக் கூலித் தொழிலாளர்களின் குழந்தைகள். முசாகர் உள்ளிட்ட தலித் சமூகக் குழந்தைகள் பலர். அங்கே 2014இல் நடந்த ஆய்வு 2017இலேயே வெளியாகியிருந்தது. லிச்சிப் பழத்தில் உள்ள நஞ்சும், இரவு உணவில்லாமல் படுப்பதும் சேரும்போது குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. குழந்தைகளுக்கு இரவு உணவை உறுதிசெய்யுங்கள், வந்தவுடன் சர்க்கரையைச் சோதித்துக் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பதே அது சொன்ன வழி. வலிப்போடு வரும் எந்தக் குழந்தைக்கும் சர்க்கரை பார்க்க மறக்காதே என்பது குழந்தைகள் அவசர சிகிச்சையின் அரிச்சுவடி. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸ் போதும். பசியோடு படுக்கப் போகும் குழந்தைகள் இருக்கும் நாட்டில், இந்த அரிச்சுவடி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம்வரை ஒவ்வொரு கைக்கும் பழகியிருக்க வேண்டும்.

பயிற்சியால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு சான்றுகள். மலாவியின் பிளாண்டயர் நகரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. அங்கே வரிசையில் நிற்கும் குழந்தைகளை வாசலிலேயே பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவர்களைத் தனியே பிரித்து, உடனே சிகிச்சை தொடங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஊழியர்களுக்கு அதற்கான பயிற்சி தந்தார்கள். முன்பு 10 முதல் 18 சதவீதமாக இருந்த உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது. இது 2006இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது.

இரண்டாவது சான்று கென்யா. எட்டு மாவட்ட மருத்துவமனைகளில் நான்கில் ஐந்தரை நாள் செய்முறைப் பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறைநிறைகளை எடுத்துச் சொன்னார்கள். மற்ற நான்கில் ஒன்றரை நாள் விரிவுரை நடத்தினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது முதல் நான்கில் சிகிச்சையின் தரம் தெளிவாக மேம்பட்டிருந்தது. ஒரு விரிவுரை நடத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது பயிற்சி ஆகாது என்பதற்கு 2011இல் வெளியான இந்த ஆய்வே போதும்.

சரி, நம்முடைய பி.ஜி. மாணவர் இன்று எப்படிக் கற்கிறார்? ‘ஒருமுறை பார், ஒருமுறை செய், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடு’ என்பதுதான் நடைமுறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவான ரெசிடென்சி மரபிலிருந்து வந்த பழக்கம் இது. மாணவர் மருத்துவமனையிலேயே குடியிருப்பார், மூத்தவர் செய்வதைப் பார்ப்பார், ஒருநாள் அவருக்கும் வாய்ப்பு வரும். நிமோனியாவைக் கற்க இது போதுமாக இருக்கலாம், தினமும் பத்து நிமோனியாக் குழந்தைகள் வருவார்கள். ஆனால் இதயம் நின்ற குழந்தையை மீட்கும் வேலை அப்படியல்ல. அது எப்போதாவது வரும், சொல்லாமல் வரும், வந்தால் சீனியர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மூன்றாண்டுப் படிப்பை முடித்தும் ஒருமுறைகூடத் தானே முன்னின்று நடத்தாத மாணவர் இருக்க முடியும்.

இது ஏழை நாட்டுச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸிலேயே 70 குழந்தை மருத்துவ ரெசிடென்ட்டுகளைப் பொம்மை நோயாளியை வைத்துச் சோதித்தார்கள். நாடித்துடிப்பு நின்ற ஒரு நிமிடத்துக்குள் மார்பு அழுத்தத்தைத் தொடங்காதவர்கள் 46 பேர். கடைசிவரை தொடங்காதவர்கள் 23 பேர். 2009இல் இதை வெளியிட்ட குழுவினர் மாணவர்களைத் திட்டவில்லை. பயிற்சி முறையை மாற்றினார்கள். பொம்மையில் செய்யும்போது தவறு நடந்த இடத்திலேயே நிறுத்துவது, என்ன தவறு என்று சொல்வது, பத்து விநாடி பின்னால் போய் மறுபடி செய்யச் சொல்வது, சரியாக வரும்வரை தொடர்வது என்று ஆக்கினார்கள். ரெசிடென்ட்டுகளின் செயல்பாடு முன்னேறியது.

இங்கே ஒரு முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒருவருக்குப் பின்னால் நின்று பார்த்துத்தான் கற்க முடியும் என்றால், அந்த ஒருவர் உங்களை அருகில் நிற்க விட வேண்டும். மூச்சுக்குழாய் செலுத்தும் கருவியை இன்று யார் கையில் கொடுப்பது என்பதை சீனியர் தீர்மானிக்கிறார். ‘நீ போய் லேபில் ரிசல்ட் வாங்கிட்டு வா’ என்று யாரை அனுப்புவது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத இந்தச் சின்னச் சின்னத் தீர்மானங்களின் மொத்தத்தைத்தான் மூன்றாண்டு கழித்து ‘திறமை’ என்று அழைக்கிறார்கள். சாதிய சமூகத்தில் இந்தத் தீர்மானங்கள் சாதியைத் தொடாமல் எடுக்கப்படும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்கள் போதிய நேரமும் ஆதரவும் தராதது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு, விடுதியில் ஒதுக்கம் ஆகியவற்றை அது பதிவு செய்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரி என்று சொல்லப்படும் இடத்தின் நிலை இது. 2019 மே 22 அன்று மும்பையில் உயிரை மாய்த்துக்கொண்ட மருத்துவர் பாயல் தட்வியை நாம் மறக்கவில்லை. மகப்பேறு மருத்துவத்தில் இரண்டாமாண்டு பி.ஜி. மாணவி, பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்தவர். மூன்று சீனியர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டோடு, பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கில் பணியாற்றவும் விடாமல் தடுத்தார்கள் என்றும் குடும்பத்தார் சொன்னார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அந்த இரண்டாவது குற்றச்சாட்டைக் கவனியுங்கள். ஒரு மருத்துவரிடமிருந்து பயிற்சியைப் பறிப்பதும் வன்கொடுமையின் ஒரு வடிவம்தான்.

ஏகலைவனிடம் கேட்கப்பட்டது கட்டைவிரல். கைக்குழந்தையின் இதயம் நின்றுவிட்டால் இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தும் முறையை இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அந்தக் கட்டைவிரல்களைப் பழக்காமல் ஒரு மருத்துவரை வெளியே அனுப்பினால் இழப்பு அவரோடு நிற்காது. நாளை அவர் பணியாற்றப் போகும் வட்ட மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளும் அதற்கு விலை கொடுப்பார்கள்.

‘உயிர் போகும் நேரத்தில் சமத்துவம் பார்க்க முடியுமா? தெரிந்தவர்தானே செய்ய வேண்டும்?’ என்று உடனே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். உயிருக்குப் போராடும் குழந்தையிடம் யாரும் பழகிப் பார்க்கக் கூடாது. அந்தக் குழந்தையும் ஏழைக் குழந்தை. ஏழைகளின் உடல்கள் மற்றவர் கற்றுக்கொள்ளும் களமாக இருந்தது போதும். அதனால்தான் பொம்மைகளில் பழகும் பயிற்சியைக் கேட்கிறோம். அங்கே தவறு செய்தால் யாரும் சாவதில்லை. எல்லோருக்கும் முறை வரும், சீனியரின் மனநிலைக்காகக் காத்திருக்க வேண்டாம். இதற்குக் கோடிக்கணக்கில் செலவும் தேவையில்லை. எலும்புக்குள் ஊசி செலுத்திப் பழக உலகெங்கும் கோழிக்கால் எலும்பைப் பயன்படுத்துகிறார்கள். மூச்சுப் பையை அழுத்திப் பழக ஒரு சாதாரணப் பொம்மை போதும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரமும், உடன் நிற்க ஓர் ஆசிரியரும் கட்டாயம் வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியையும், செய்த வேலைகளைப் பதிவு செய்யும் லாக்புக்கையும் வலியுறுத்துகின்றன. காகிதத்தில் நல்லதுதான். ஆனால் இரண்டு நாள் வகுப்பில் கற்ற உயிர்காப்புத் திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான உண்மை. குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்பு வகுப்புக்கு மாணவர் சொந்தப் பணத்தைக் கட்டிப் போக வேண்டியிருந்தால், வீட்டுக்குப் பணம் அனுப்பும் முதல் தலைமுறை மருத்துவர்தான் பின்தங்குவார்.

அடுத்து, எதைக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி. ரத்த ஓட்டம் தளர்ந்த குழந்தைக்கு வேகமாக நிறையத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது பல ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. காய்ச்சலோடு அந்த நிலையில் வந்தவர்களில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 10.5 சதவீதம், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். அவை வென்டிலேட்டர் வசதி இல்லாத மருத்துவமனைகள். வயிற்றுப்போக்கில் நீரிழந்த குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே திரவமே தரக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பணக்கார நாட்டு ஐசியூவின் விதியை அப்படியே பெயர்த்து நடக் கூடாது, குழந்தையை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே பாடம்.

நம் தோலின் நிறமும் பாடத்தில் இருக்க வேண்டும். உதடு நீலம் பாய்வது, தோல் வெளுப்பது போன்ற அறிகுறிகளை வெள்ளைத் தோல் படங்களில் பார்த்துப் பழகிய கண், கறுத்த குழந்தையிடம் அதைத் தவறவிடலாம். கருவிகளும் நடுநிலையானவை அல்ல. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைப் பற்றி அமெரிக்காவில் வயதுவந்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வந்தது. ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. ‘மானிட்டரைப் பார்க்காதே, குழந்தையைப் பார்’ என்று நல்ல ஆசிரியர்கள் சொல்வதன் பொருளை இங்கிருந்தும் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் குழந்தையைச் சுற்றி நிற்பவர்கள் பேச முடிய வேண்டும். மருந்தின் அளவு தவறு என்று செவிலியருக்குத் தெரிகிறது, குழாய் வயிற்றுக்குள் போய்விட்டது என்று முதலாண்டு மாணவருக்குத் தோன்றுகிறது. சொன்னால் சீனியர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவார் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை என்றால், சாவது குழந்தை. உயிர்காப்புக் குழுவில் சொன்ன கட்டளையைத் திருப்பிச் சொல்வதும், தவறு கண்டால் யாரும் உரக்கச் சொல்வதும் உலகளவில் பயிற்சியின் பகுதிகள். பயிற்சியில் செவிலியரும் பி.ஜி.யும் ஒரே பொம்மையைச் சுற்றி நின்று கற்க வேண்டும். படிநிலையை மதிப்பதே ஒழுக்கம் என்று வளர்ந்த சமூகத்தில் இது தானாக வராது, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

தூக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 1992இலேயே வழிகாட்டுதல் தந்தது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளில் நம் எதிர்பார்ப்பே எவ்வளவு இறங்கிவிட்டது பாருங்கள். 36 மணி நேரம் கண்விழித்த மூளை எடைக் கணக்குப் போடுவதும் ஆபத்து, அந்த மூளைக்குப் பாடம் நடத்துவதும் வீண்.

கடைசியாக, யார் ஆசிரியராகிறார்கள் என்ற கேள்வி. குழந்தைகள் தீவிர சிகிச்சையில் டி.எம். போன்ற உயர்சிறப்புப் படிப்புகளில் சாதிவாரி இட ஒதுக்கீடு கிடையாது. 1999இல் ப்ரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. தமிழ்நாடு, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு உயர்சிறப்பு இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கி 2020இல் அரசாணை வெளியிட்டது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தொடர அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிசெய்த ஒருவர் தீவிர சிகிச்சை நிபுணராகி, அரசு மருத்துவமனைக்கே ஆசிரியராகத் திரும்பும் பாதை அது. அதைக் காப்பதும் பயிற்சியை மேம்படுத்தும் வேலையின் பகுதிதான்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. வாரம் ஒரு மணி நேரம், பணிப்பட்டியலிலேயே குறிக்கப்பட்ட செய்முறைப் பயிற்சி. ஒவ்வொரு பி.ஜி.யும் ஒவ்வொரு செயல்முறையையும் எத்தனை முறை செய்தார் என்று துறைக்குள் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பதிவேடு. யாருக்கு வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு உயிர்காப்பு முயற்சிக்குப் பிறகும் பத்து நிமிடம், குற்றம் சாட்டாத கலந்துரையாடல். மேம்பட்ட உயிர்காப்பு வகுப்பின் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்பது. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணிபுரியும் மாவட்ட ரெசிடென்சி திட்டத்தை ஆள்பற்றாக்குறையை ஈடுகட்டும் வழியாக்காமல், குழந்தையை நிலைப்படுத்திப் பாதுகாப்பாக மேல்மருத்துவமனைக்கு அனுப்பக் கற்கும் காலமாக மாற்றுவது.

மருத்துவம் படிக்கும் தோழர்களே, உங்கள் கல்லூரியின் திறன் ஆய்வகம் எத்தனை நாள் பூட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் சீனியர் ஆகும்போது, இதுவரை யாரை லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்களோ அவரை முன்னால் அழைத்துக் கருவியைக் கையில் கொடுங்கள். மருத்துவம் படிக்காத தோழர்களே, மருத்துவமனை வேண்டும், படுக்கை வேண்டும் என்று நாம் எழுப்பும் முழக்கங்களோடு, அந்தப் படுக்கைக்கு அருகில் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் வேண்டும் என்பதையும் இனிச் சேர்த்துக்கொள்வோம்.